பரவாயில்லையாம்

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எண்பதுகளின் நடுவில் இலங்கையிலிருந்து, யாரோ கொடுத்த அளவில்லாத குளிர்ச்சட்டைக்குள் புதைந்தபடி இந்த லண்டனில் வந்திறங்கிய பிள்ளைகள் நாம். நம் வீடுகளில் 'திறம்' என்பதற்கு மேலே ஒரு சொல் இருந்ததா? எங்கள் வீட்டில் இருக்கவில்லை. ஒன்றைத் திறம் என்று சொல்லிவிட்டால் அதைப் பற்றிய பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

இப்போது ரெய்னர்ஸ் லேனில் எனக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் டாக்டரம்மா சென்னைக்காரர். ஒருநாள் அவர் கொடுத்தனுப்பிய வத்தக்குழம்பைத் திறம் என்றேன்.

"திறம்னா? திறமையா செஞ்சிருக்கேன்னு சொல்றீங்களா?"

"இல்லை, அதுக்கும் மேல."

"அப்போ சூப்பர்னு சொல்லுங்க!"

சிரித்து வைத்தேன். சூப்பர் என்பது ஒரு நாளைக்கு நாற்பது தரம் சொல்லக்கூடிய சொல். என் அப்பா திறம் என்று சொல்வது மாதத்துக்கு இரண்டு தரம் இருந்தால் பெரிது. அதுவும் மீனுக்கு. சனிக்கிழமை வாங்கிவந்த மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார், விரலால் வயிற்றை அமத்திப் பார்ப்பார். பிறகு மெதுவாக, "திறம்" என்பார். நல்ல பிரசங்கத்துக்குச் சொல்வார். தொலைக்காட்சியில் யாராவது பந்தைப் போட்டு ஸ்டம்பை உடைத்தால் சொல்வார். ஊரான் பிள்ளைக்கும் சொல்வார். பெற்ற பிள்ளைக்குச் சொல்ல மாட்டார். நமக்கெல்லாம் கிடைத்தது 'பரவாயில்லை'. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு எடுத்தாலும் பரவாயில்லைதான். அந்த இரண்டு எங்கே போனது என்று கேட்காமல் விட்டால் அன்றைக்கு அவருக்கு நல்ல மனநிலை.

நான் சொல்ல வந்தது ஒரு இலையுதிர் காலத்தைப் பற்றி. எனக்குப் பத்து வயது.

அந்த வருடம் அம்மா எங்களோடு இல்லை. விசாப் பேப்பர்கள் சரிவராமல் கொழும்பில் சின்னம்மா வீட்டில் நின்றார். தோர்ண்டன் ஹீத்தில் ஒரு வீட்டின் மேல்மாடியில் அப்பாவும் நானும் ஆறு வயதுத் தம்பியும் இருந்தோம். அப்பா மன்னாரில் பஸ் ஓட்டியவர். இங்கே பாண் ஃபாக்டரியில் காலை ஷிப்ட். நாங்கள் எழும்ப முன்னரே போய்விடுவார். அக்காக்காரி நான் தம்பியை எழுப்பி, முகம் கழுவி, அவன் அழுதால் அதட்டி, அழாவிட்டால் கொஞ்சி, கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப் போவேன். பின்னேரம் நாங்கள் திரும்பும்போது அப்பா வந்திருப்பார். வீடு முழுக்கப் புளித்த மாவின் மணம் இருக்கும். இன்றைக்கும் பேக்கரி வாசலைக் கடக்கும்போது என் கால் தானாக மெதுவாகிறது. அந்த மணத்தோடு வீட்டுக்குள் வர ஒரு மனிதர் இருந்தார் என்பதே அப்போது எனக்குப் பெரிய பாதுகாப்பு.

கீழ்மாடியில் வீட்டுக்காரி இருந்தார். ஜமேக்காக்காரி. அவரை நாங்கள் கீழ்மாமி என்போம். எங்கள் வீட்டில் புகழ்ச்சிக்கு எவ்வளவு பயப்பட்டோம் என்பதை அவரைக் கேட்டால்தான் சரியாகச் சொல்வார்.

மாதத்தில் ஒரு ஞாயிறு கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசை நடக்கும். பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது ஒரு அன்ரி தம்பியின் கன்னத்தைக் கிள்ளி, "என்ன வடிவான சுருட்டை மயிர்! இப்பிடி ஒரு பிள்ளையை நான் லண்டனில காணேல்லை" என்றார். அப்பாவின் முகம் சுருங்கியது. "எங்க... சரியான குழப்படி" என்று அவசரமாகச் சொல்லி அவனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்று பின்னேரமே தம்பிக்குக் காய்ச்சல். நாவூறுதான், வேறென்ன? அப்பா செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து அவனை மூன்று தரம் சுற்றி, சிலுவை அடையாளமும் போட்டு, காஸ் அடுப்பில் இருந்த சட்டியில் கொட்டினார். ஊரில் என்றால் வெளியில் நெருப்பில் போடுவார்கள். இங்கே யன்னலும் குளிருக்குச் சாத்தியிருந்தது. ஒரு நிமிடத்தில் மூன்று பேரும் இருமி இருமிக் கண்ணால் தண்ணீர் வடிய நின்றோம். கீழ்மாமி மூச்சு வாங்க வாங்கப் படியேறி வந்து, என்ன சமைக்கிறீர்கள், யாரைக் கொல்லப் போகிறீர்கள் என்று கத்தினார். அப்பா என்னைப் பார்த்தார். நான் யோசித்துவிட்டு, "இருமலுக்கு மருந்து" என்று இங்கிலீஷில் சொன்னேன். அந்த மருந்தால்தான் இருமலே வந்தது என்று கீழ்மாமி சொல்லிச் சொல்லிச் சிரித்தார். காலையில் தம்பிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. அப்பாவின் நம்பிக்கை இரண்டு மடங்கானது.

ஆகவே புகழ் என்பது பிள்ளைக்கு ஆகாத சாமான் என்றுதான் நான் வளர்ந்தேன். ஊரார் புகழ்ந்தால் அடக்கிச் சொல்ல வேண்டும். தன்னைத் தானே புகழ்வதோ பெரிய வெட்கக்கேடு.

இதற்கிடையில் நான் அப்பாவின் வாயாக இருந்தேன். அவரால் இங்கிலீஷை எழுத்துக்கூட்டி வாசிக்க முடியும். ஆனால் வெள்ளைக்காரர் கதைக்கும் வேகத்துக்கு அவர் காது ஓடாது. ஜி.பி. டொக்டர், நகரசபைக் கவுன்சில், பாங்க், காஸ் மீற்றர் பார்க்க வருகிறவன் எல்லோரிடமும் நான்தான் கதைத்தேன். அப்பா எனக்குப் பின்னால் தொப்பியைக் கையில் பிடித்தபடி நிற்பார். உங்களில் பலரும் இந்த வேலை பார்த்தவர்கள்தானே. உங்களுக்குத் தெரியும், கேட்டதை அப்படியே சொல்ல முடியாது. ஒருநாள் கவுன்சிலில் ஒருத்தி, இவரைப் போன்றவர்கள் வரிசையில் நிற்கவே பழகவில்லை என்று எரிந்து விழுந்தாள். "என்ன சொல்லுறா?" என்று அப்பா கேட்டார். "கொஞ்சம் பொறுக்கட்டாம்" என்றேன். அப்பா அவளுக்குத் தலையாட்டி நன்றி சொன்னார். ஏச்சைக் குறைத்துக் குறைத்து மொழிபெயர்த்துப் பழகிய வாய் எனக்கு. புகழையும் அதே வாய்தான் சொல்ல வேண்டியிருந்தது.

பிரைமரியில் எனக்குக் கடைசி வருடம். எங்கள் ரீச்சர் நெடிய மனுசி. கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். கார்டிகனின் முழங்கைகளில் எப்போதும் சோக்குத்தூள். என் கட்டுரைகளை வகுப்பில் வாசித்துக் காட்டுவார். மத்தியானத்தில் என்னைக் கூப்பிட்டு வேறு புத்தகத்திலிருந்து கணக்குக் கொடுப்பார். ஒருநாள் ஒரு சிறு புத்தகம் காட்டினார். சோதனை வைத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் எடுக்கும் கிரமர் ஸ்கூல் ஒன்றின் படங்கள். பச்சை நிற யூனிஃபோம், உயர்ந்த யன்னல்கள் உள்ள நூலகம், கண்ணாடிக் குழாய்களுக்கு முன்னால் வெள்ளைக் கோட் போட்ட பெண்பிள்ளைகள். நான் அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. ஆனால் அந்த நூலகத்தில் எந்த யன்னலுக்குப் பக்கத்தில் நான் இருப்பேன் என்று முடிவு செய்துவிட்டேன்.

பெற்றோர் சந்திப்புக்கு அப்பா வந்தார். ஷிப்ட் முடிந்து குளித்து, ஒரே நல்ல கோட்டைப் போட்டிருந்தார். மணிக்கட்டு மயிரில் மட்டும் மா ஒட்டியிருந்தது. பிள்ளைகளின் சின்னக் கதிரையில் இருத்திவிட்டார்கள். அவருடைய முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிட்டது. நான் நடுவில் நின்றேன்.

ரீச்சர் முன்னால் குனிந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்தே பேசினார். இருபது வருடமாகப் படிப்பிக்கிறாராம். இப்படி ஒரு பிள்ளையை இரண்டோ மூன்றோ தரம்தான் கண்டிருக்கிறாராம். இரண்டு வருடத்துக்கு முதல் இங்கிலீஷ் தெரியாமல் வந்த பிள்ளை இன்று வகுப்பில் எல்லோரையும்விட நன்றாக எழுதுகிறதாம். பிறகு ஒரு சொல் சொன்னார். "எக்செப்ஷனல்." அந்த ஒரு சொல்லைத் திருப்பியும் சொன்னார்.

என் காது சுட்டது. அப்பா என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்லுறா?"

நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? 'அப்பா, நான் திறமாம்' என்று நானே என் வாயால் சொல்ல வேண்டும். பெற்ற தகப்பனிடம் போய் 'நான் வடிவு' என்று சொல்வதைவிட அது எனக்குக் கூச்சமாக இருந்தது.

"படிப்புப் பரவாயில்லையாம்" என்றேன்.

"இவ்வளவு நேரம் கதைச்சா. அவ்வளவுதானோ?"

"கணக்கும் பரவாயில்லையாம். எழுத்துத்தான் கொஞ்சம் வடிவில்லையாம்."

எழுத்தைப் பற்றி ரீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. நீளத்தைச் சரிக்கட்ட நானே சேர்த்தேன்.

ரீச்சர் அந்தச் சோதனையைப் பற்றிச் சொன்னார். அதை ஒழுங்காகத்தான் சொன்னேன். "ஒரு சோதினை இருக்காம். பாஸ் பண்ணினால் வேற பள்ளிக்கூடமாம். ரெண்டு பஸ் மாறிப் போகவேணுமாம். நீங்கள் கையெழுத்து வைக்கவேணுமாம்."

அப்பா யோசித்தார். "பரவாயில்லை எண்ட பிள்ளைக்கு எதுக்கு அந்தச் சோதினை? பெயிலாகி அழுறதுக்கோ? வேண்டாம் எண்டு சொல்லு. தாங்ஸ் எண்டும் சொல்லு."

சொன்னேன். ரீச்சரின் கழுத்து சிவந்தது. அவர் அப்பாவைப் பார்த்த பார்வை அப்போது எனக்கு விளங்கவில்லை. பிறகு கவுன்சில் வேலையில் இருபத்தேழு வருடம் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் நான். அந்தப் பார்வையை நன்றாகத் தெரியும். பெண்பிள்ளையைப் படிக்கவிடாத மனுசன் என்று அப்பாவைப் பற்றி முடிவுகட்டிவிட்டார் ரீச்சர். சத்தமாகவும் ஒவ்வொரு சொல்லாகவும் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். அப்பா சிரித்துக்கொண்டு, "யெஸ், யெஸ், தாங்யூ" என்றார். அவர் என்னைச் சுமாரான பிள்ளை என்று நினைத்தார். ரீச்சர் அவரைக் கல்மனசுக்காரர் என்று நினைத்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று அந்த இரண்டையும் செய்தது நான்.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா எனக்குச் சிப்ஸ் வாங்கித் தந்தார். வினிகர் ஊறிய தாளில் சுற்றிய சூட்டுச் சிப்ஸ். "எழுத்தை மட்டும் கொஞ்சம் கவனி" என்றார்.

இரண்டு நாள் கழித்து ரீச்சர் ஒரு கடிதம் தந்தார், அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி. நீல நிற உறை, ஒட்டியிருந்தது. நான் அதைப் பள்ளிக்கூடத்திலிருந்து நெஞ்சோடு பிடித்தபடி ஓடிவந்தேன். என் வாயால் சொல்ல முடியாததைக் கடிதம் சொல்லிவிடும் அல்லவா? அப்பா வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். வழக்கமாக என்னிடம் திருப்பித் தந்து, "வாசி பிள்ளை" என்பார். அன்று தரவில்லை. மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்தார்.

அதற்குப் பிறகு நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். தம்பி தூங்கிய பிறகு அதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்கிறேன், உறையின் மூலை கைக்குத் தட்டுப்படும். இன்றைக்குச் சொல்வார், நாளைக்குச் சொல்வார் என்று இருந்தேன். ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் போய் வந்த பிறகு கை வைத்துப் பார்த்தேன், உறை இல்லை. தொலைத்துவிட்டார் என்று நினைத்தேன். கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. கேட்டால், 'ஏன், அதுக்குள்ள என்ன இருக்கு?' என்பார். நான் என்ன சொல்வது?

சோதனை ஒரு சனிக்கிழமை நடந்தது. எங்கள் வகுப்பில் இரண்டு பேர் போனார்கள். நான் அந்த நேரம் தம்பியோடு லோண்டரியில் இருந்தேன். உடுப்புகள் கண்ணாடிக்குப் பின்னால் சுழன்றுகொண்டிருந்தன. தம்பியின் சிவப்புக் காலுறை மேலே வருவதும் கீழே போவதுமாக இருந்தது. இப்போது கேள்வித்தாள் கொடுத்திருப்பார்கள், இப்போது கணக்கு, இப்போது கட்டுரை என்று ஒவ்வொன்றாக நினைத்தேன். காய்ந்த உடுப்புகளை எடுத்து முகத்தில் வைத்தபோது நல்ல சூடாக இருந்தது. அதற்குள் கொஞ்சம் அழுதேன். தம்பி, "என்னக்கா?" என்றான். சவர்க்காரம் கண்ணில் பட்டுவிட்டது என்றேன்.

அடுத்த கோடையில் அம்மா வந்தார். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன், பிறகு கொலிஜ், பிறகு கவுன்சில் வேலை, கலியாணம், இரண்டு பிள்ளைகள். குறை சொல்ல ஒன்றுமில்லை. டிகிரி எடுத்த நாளில் அப்பா படத்துக்கு நின்றுவிட்டு, "பரவாயில்லை" என்றார். ஆனாலும் அந்த யன்னலோர இருக்கை என்னைவிட்டுப் போகவில்லை. என் வாய்தான் அதைக் கெடுத்தது என்று யாரிடமும் சொல்லவுமில்லை. அம்மா கண்மூடும்வரை அவரிடமும் சொல்லவில்லை.

இந்த வசந்தத்தில் தம்பியின் மகள் அதே மாதிரிச் சோதனை எழுதித் தேறினாள். முடிவு வந்த சனிக்கிழமை நான் வழக்கம்போல ரயில் ஏறி தோர்ண்டன் ஹீத்துக்கு அப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. நெஞ்சில் பற்றரி வைத்திருக்கிறார்கள். வாடைக்கு வெளியே போவதில்லை. தம்பி வீடியோவில் வந்தான். அந்தப் பிள்ளை முடிவுக் கடிதத்தை ஆட்டிக்கொண்டு, "தாத்தா, ஐ காட் இன்!" என்றாள்.

"திறம்!" என்றார் அப்பா. "திறம் அம்மா, திறம்! சரியான திறம்!"

நாலு தரம். நான் எண்ணினேன். ஐம்பது வயதில் பதினொரு வயதுப் பிள்ளையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். சிரிக்காதீர்கள், நெஞ்சு உண்மையாகவே எரிந்தது. வீடியோ நின்றதும் வாயைக் கட்டுப்படுத்த முடியவில்லை.

"அப்பா, பிரைமரியில என்ர ரீச்சரிட்ட ஒருக்காப் போனமே. ஞாபகம் இருக்கோ?"

"ஓம். சின்னக் கதிரை."

"அவ பரவாயில்லை எண்டு சொல்லேல்லை. நான்தான் அப்பிடிச் சொன்னனான். எக்செப்ஷனல் எண்டுதான் அவ சொன்னவ. எனக்கு அதைச் சொல்ல வெக்கமாக் கிடந்தது."

அப்பா போர்வையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார்.

"எப்பிடித் தெரியும்?"

"அவ கடிதம் தந்தவ எல்லே. தமிழ்ப் பூசைக்கு வந்த சுவாமியாரிட்டக் குடுத்து வாசிப்பிச்சனான். ரெண்டு தரம் வாசிப்பிச்சனான்."

"சுவாமியார் என்ன சொன்னவர்?"

"திறம் எண்டதுக்கும் மேல எண்டார். அனுப்பு எண்டும் சொன்னவர். சோதினைக்கு அப்ப இன்னும் ரெண்டு கிழமை கிடந்தது."

நாற்பது வருடமாக என் பொய் என்று நான் சுமந்தது பாதிதான். மற்றப் பாதியை இவர் வைத்திருந்தார்.

"பிறகேன் என்னட்ட ஒண்டும் சொல்லேல்லை? நாவூறு படும் எண்டோ?"

"சீச்சீ. நாவூறு இல்லை." அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "கொம்மா அப்ப எங்களோட இல்லை. சின்னவனை ஆர் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போறது? எனக்கு ஆர் கதைக்கிறது? ரெண்டு பஸ் மாறி, விடியப் போய்ப் பொழுதுபடத்தான் வருவாய். கொம்மா எப்ப வருவா, வருவாவோ எண்டதும் அப்ப தெரியாது. நீ இல்லாட்டி எனக்கு இந்த ஊரில வாயே இல்லைப் பிள்ளை. திறம் எண்டு என்ர வாயால ஒருக்காச் சொல்லியிருந்தால் நீ நிண்டிருப்பியே? போயிருப்பாய்."

"அப்ப இவளுக்கு மட்டும் சொல்லுறியள்."

"அவள் போகட்டும். அவளுக்குத் தாயும் தேப்பனும் இருக்கினம்."

எனக்குக் கோபம் வந்தது. எழும்பிக் குசினிக்குப் போய் ஒன்றுமில்லாத பாத்திரங்களைக் கழுவினேன். லோண்டரியில் இருந்த அந்தப் பத்து வயதுப் பிள்ளைக்காக இந்த மனுசனோடு சண்டை பிடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் கோயில் மண்டபத்தின் ஒரு மூலையில், மா ஒட்டிய கையோடு, தன் பிள்ளையைப் பற்றிய கடிதத்தை 'இன்னொருக்கா வாசியுங்கோ சுவாமி' என்று கேட்டு நின்ற ஒரு மனிதரும் கண்ணுக்குள் வந்தார். அவர் அன்று என்ன முகத்தோடு கேட்டிருப்பார்? அந்த முகத்தை ஒருமுறை பார்க்கக் கிடைத்திருந்தால் எனக்கு அந்தப் பள்ளிக்கூடமே வேண்டியிருந்திருக்காது.

குழாயை நிறுத்திவிட்டு வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். அவர் என் கையைத் தேடிப் பிடித்தார். மருந்து ஊசி போட்டுப் போட்டு நீலம் பாரித்த கை.

"இப்ப சொல்லட்டே, பிள்ளை?"

சொல்வதற்கு வாயைத் திறந்தும்விட்டார். எத்தனை வருடம் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன் என்று உங்களுக்குச் சொல்லிவிட்டேன். ஆனால் அவர் மூச்சு விட்டு விட்டு இழுப்பதைப் பார்த்தபோது, அந்தச் சொல்லைச் சொன்னால் யாரோ ஒருவர் போய்விடுவார் என்ற அவருடைய பழைய பயம் எனக்கும் வந்துவிட்டது.

"வேண்டாம் அப்பா" என்றேன். "நீங்கள் இருங்கோ."